இருபத்தைந்தாவது வாரம்

பொதுஜன உறுப்பினர் என்றால் வாயைத் திறக்காத உறுப்பினர் என்றுதான் ஆஸ்பத்திரியின் மருந்து ஆய்வுக் குழுவில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ் அக்காவும் மூன்று கூட்டம்வரை அப்படித்தான் இருந்தாள். நாலாவது கூட்டத்தில் வாயைத் திறந்தாள். அதை மூடவைக்க ஒரு பெரிய டாக்டர், ஒரு வக்கீல், மருந்துக் கம்பெனியிலிருந்து வந்த ஒருவர் என்று மூன்று படித்த ஆண்கள் மாலைவரை படாத பாடு பட்டார்கள்.

அவளுடைய கடை ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே, மருந்துக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக்கடைக்கும் நடுவில் செருகி வைத்ததுபோல் இருக்கும். உள்ளே இரண்டு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் பெட்டி. மூன்றாவது ஆள் உள்ளே நுழைய வேண்டுமானால் முதல் ஆள் வெளியே வர வேண்டும். பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரியின் எல்லா ஃபாரமும் அவள் மிஷினின் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்திருக்கின்றன. சேர்க்கை ஃபாரம், ஆபரேஷனுக்குச் சம்மதம், காப்பீட்டு விண்ணப்பம், கடைசியில் இறப்புச் சான்று.

மூச்சிரைக்க ஓடி வருகிற ஜனங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, இதுல எங்க கையெழுத்துப் போடணும்?" அக்கா காதில் செருகியிருக்கிற பென்சிலை எடுத்துச் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பாள். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல இங்க." அதற்கு மட்டும் காசு வாங்க மாட்டாள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் கேட்டதில்லை. இவளும் சொன்னதில்லை.

அரசாங்கம் புது விதி கொண்டுவந்தது போன வருடம். மனிதர்கள்மேல் நடத்துகிற மருந்து ஆய்வுக்கெல்லாம் ஆஸ்பத்திரியின் குழு முப்பது நாளில் முடிவு சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கம்பெனி ஆய்வை வேறு இடத்துக்கு எடுத்துப் போகலாம். இப்படிக் கம்பெனிகளுக்கு வாசலை அகலமாகத் திறந்த கையோடு, ஊர் வாயை மூட இன்னொரு விதியையும் சேர்த்தார்கள். மருத்துவமும் சட்டமும் படிக்காத ஒரு சாதாரண ஆள் குழுவில் இருக்க வேண்டும். அவர் "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வு தொடங்கலாம்.

குழுவின் தலைவரான பெரிய டாக்டர் அப்படி ஓர் ஆளைத் தேடி ரொம்ப தூரம் போகவில்லை. ரோட்டைக் கடந்து வந்தார். "ஒண்ணும் கஷ்டமில்லம்மா. மாசத்துக்கு ஒரு நாள், ரெண்டு மணி நேரம். டீ, பிஸ்கட் உண்டு." அக்கா மறுக்கவில்லை. பெரிய டாக்டர் கடை வாசலில் நின்று கேட்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. முதல் நாளே ரகசியம் காப்பதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு மூன்று கூட்டம், மூன்று ஆய்வு. மூன்றுக்கும் எழுதிக் கொடுத்தாள். படித்தேன், புரிந்துகொண்டேன். பாதி படித்தாள், கால்வாசி புரிந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

நாலாவது ஆய்வு வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அது மூட்டுவாதத்துக்கான புது ஊசி. அக்காவின் தங்கைக்கு இருக்கிற வியாதி அதுதான்.

தங்கை பேக்கரியில் கேக்மேல் பூ வைக்கிறவள். க்ரீம் பையைப் பிழிந்து ரோஜா, முல்லை, கொடி, இலை என்று நிமிஷத்தில் இறக்குவாள். கல்யாண கேக் என்றால் அவளுக்காகவே ஆட்கள் காத்திருப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. இருக்கிற மாத்திரையெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது க்ரீம் பை பிடிப்பதில்லை. பேக்கரியில் பில் கிழித்துக் கொடுக்கிறாள், அதையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தாளை வைத்துக்கொண்டுதான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவோடுதான் இருக்கிறாள். வாய் மட்டும் முன்னைக்கு இரண்டு பங்காகிவிட்டது.

அவளைப் பார்க்கிற மூட்டு டாக்டர் சொல்லியிருந்தார்: இந்த ஊசி வேறு வேறு ஊர்களில் நன்றாக வேலை செய்கிறது, பன்னிரண்டு பேருக்கு இங்கே இடம் இருக்கிறது, உன் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். இருபத்துநாலு வாரம், வாரத்துக்கு ஓர் ஊசி. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. தங்கை இன்னும் ஆறு மாதத்தில் செய்யப்போகிற கேக்கெல்லாம் காற்றிலேயே வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் குழு அலுவலகத்தின் மிஷின் படுத்துவிட்டது. செயலாளர் அம்மா கம்பெனி அனுப்பிய கட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். நானூறு பக்கம், எட்டு செட். எப்படியும் உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டியதுதான், உறுப்பினரே அடித்துக் கொடுத்தால் என்ன என்று அவருக்கு ஒரு கணக்கு. பழைய மிஷின் தாளைத் தின்னும் என்பதால் அக்கா பக்கம் பக்கமாகத் தானே வைத்து எடுத்தாள். ஒரு தாள் எட்டு முறை சுற்றி முடிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று படித்தாள். அயல்மொழி வாக்கியங்கள் பாதி வழுக்கிக்கொண்டு போயின. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் மட்டும் வழுக்கவில்லை. அதில் வெறும் எண்கள்தான் இருந்தன.

அது ஓர் அட்டவணை. நாலு நாட்டில் ஒரே ஆய்வு, ஒரே ஊசி, ஒரே இருபத்துநாலு வாரம். அதற்கு அடுத்த கட்டத்தில், ஆய்வு முடிந்த பிறகு எத்தனை வாரம் இலவசமாக மருந்து தொடரும் என்று போட்டிருந்தது. முதல் நாட்டுக்கு நூற்றுநாலு. இரண்டாவதற்கும் நூற்றுநாலு. மூன்றாவதற்கு ஐம்பத்திரண்டு. நாலாவது நாட்டுக்கு எண்ணே இல்லை, ஒரு சின்னக் கோடு. அந்த நாலாவது நாட்டில்தான் அவள் நின்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நோயாளிகளுக்குக் கொடுக்கப்போகிற சம்மத ஃபாரத்தைப் புரட்டினாள். அதில் இந்த விஷயம் எப்படி எழுதியிருக்கிறது என்று தேடினால், பதினோராம் பக்கத்தில் கிடைத்தது: "ஆய்வுக் காலம் நிறைவுற்றபின் ஆய்வுப்பொருளின் தொடர் வழங்கல் ஆதரவாளரின் விருப்புரிமைக்கு உட்பட்டதாகும்." மூன்று முறை படித்தாள். ஆதரவாளர் என்றால் மருந்துக் கம்பெனி என்று மூன்றாவது முறைதான் பிடிபட்டது. இந்தத் தாளைத்தான் நாளைக்குப் பன்னிரண்டு பேர் அவள் கடைக்கு எடுத்து வருவார்கள். அவளும் காதிலிருந்து பென்சிலை எடுப்பாள்.

தங்கையிடம் சொல்ல முடியாது, ரகசியத் தாள் கழுத்தைப் பிடித்தது. கூட்டத்தன்று காலையில் தங்கையின் சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். "இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுடுவேல்ல?" என்று தங்கை கேட்டாள். "ம்," என்றாள் அக்கா. சீப்பை எடுத்துத் தங்கையின் தலையை வார ஆரம்பித்தாள்.

குழு கூடுவது ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், தாழ்வாரக் கோடியில் இருக்கிற அறை. நீள மேஜை, எட்டு நாற்காலி, ஓடும்போது கடகடக்கிற ஏசி. அன்றுதான் முப்பதாவது நாள். மாலை ஐந்துக்குள் முடிவு பதிவாக வேண்டும். அங்கீகாரம் கிடைத்த கையோடு ரத்தம் எடுத்துவிடலாம் என்று மூட்டு டாக்டர் பன்னிரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார். அவர்கள் தாழ்வாரத்து இரும்பு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், தங்கையும் அவர்களோடு.

அக்கா எடுத்த எடுப்பிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். லிஸ்ட்ல முதல் பேரு என் தங்கச்சி. எழுதிக்கோங்க."

அதுவரை கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்த வக்கீல் விழித்தார். "அப்படின்னா இவங்க இதுல கலந்துக்க முடியாது. சொந்த நலன் இருக்கு. வெளிய போகணும்."

"போறேன் சார். கடையில வேலை தலைக்குமேல கிடக்கு," என்று அக்கா பையை எடுத்தாள்.

செயலாளர் அம்மா விரலை விட்டு எண்ணினார். பிறகு பெரிய டாக்டர் காதில் ஏதோ சொன்னார். பொதுஜன உறுப்பினர் இல்லாமல் கூட்டமே செல்லாது. கூட்டம் செல்லாவிட்டால் முப்பது நாள் முடிந்துவிடும். பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். "பதிவு பண்ணிட்டுத் தொடரலாம். நீங்க உட்காருங்கம்மா." வக்கீல் மறுபடி யோசனையில் ஆழ்ந்தார்.

நாற்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பெரிய டாக்டர் கடைசியாக அக்கா பக்கம் திரும்பி, "நீங்க எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுதும்மா," என்றார்.

"எனக்குப் புரியல சார்."

"எது புரியல?"

"சம்மத ஃபாரத்துல பதினோராம் பக்கம், நாலாவது பாரா."

மேஜையைச் சுற்றித் தாள்கள் சரசரத்தன. கட்டுகளில் அக்கா போட்ட ரப்பர் பேண்ட் பாதிப் பேருக்குப் போட்டது போட்டபடி இருந்தது. அவர்கள் பக்கத்தைக் கண்டுபிடிக்கும்வரை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

பெரிய டாக்டர் படித்துப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஏழை நோயாளி என்றால் ஃபீஸ் வாங்க மாட்டார். நல்ல மனுஷரை எதிர்த்துப் பேசுவது கெட்டவனை எதிர்ப்பதைவிடக் கஷ்டம் என்று அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. "அதாவதும்மா, ஆய்வு முடிஞ்ச பிறகு மருந்து குடுக்கிறதும் குடுக்காததும் கம்பெனியோட இஷ்டம்."

"குடுப்பாங்களா?"

"இஷ்டம்னா... குடுக்கலாம். குடுக்காமலும் போகலாம்."

"சார், என் கடைக்கு ஒருத்தர் வந்து ஜெராக்ஸ் கிடைக்குமான்னு கேக்கறாரு. என் விருப்புரிமைக்கு உட்பட்டதுன்னு நான் சொன்னா அவரு செருப்பைக் கழட்டுவாரு. உண்டா இல்லையான்னு சொல்ல ஒரு வார்த்தை போதுமே. எதுக்கு இத்தனை பெரிய வாக்கியம்?"

யாரோ சிரித்தார்கள். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. விளக்கம் சொல்ல அடுத்த அறையில் காத்திருந்த கம்பெனிக்காரரைக் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், கசங்காத சட்டை, பேச்சில் தேன் வடிந்தது. நல்ல கேள்வி என்று முதலில் பாராட்டினார். பிறகு பத்து நிமிஷம் பேசினார். பேசி முடித்ததும் கேள்வி வைத்த இடத்திலேயே இருந்தது.

அக்கா முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பி மேஜை நடுவில் தள்ளினாள். "இதுல மத்த மூணு நாட்டுக்கும் எண் போட்டிருக்கு. நமக்குக் கோடு போட்டிருக்கு. ஏன் சார்?"

தேன் கொஞ்சம் உறைந்தது. "அந்த நாடுகள்ல அவங்க சட்டம் கேக்குதும்மா. அல்லது அங்க இருக்கிற குழு கேக்குது."

"இங்க?"

"இங்க இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"சரி," என்றாள் அக்கா. "இப்ப நான் கேக்கறேன்."

கம்பெனிக்காரர் பெரிய டாக்டரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். இப்போது எதையும் மாற்ற முடியாது, தலைமை அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க ஆறு வாரம் ஆகும், அதற்குள் இந்தப் பன்னிரண்டு இடமும் வேறு ஊருக்குப் போய்விடும். "வெளிய உட்கார்ந்திருக்காங்களே, அவங்களுக்குக் கிடைக்க வேண்டிய மருந்து. ஒருத்தரோட பிடிவாதத்தால போகுதுன்னா வருத்தமா இருக்கு."

பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு. "பத்து நிமிஷம் டீ குடிக்கலாம்," என்றார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் மட்டும் அறைக் கதவைத் திறந்து தாழ்வாரத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் பின்னால் தங்கை வந்தாள்.

தங்கையைக் கண்டால் அக்கா மனசு கரையும் என்பது அவர் கணக்கு. அக்காவுக்கு மனசு கரையத்தான் செய்தது. தங்கையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னக்கா பண்ற நீ? டாக்டர் சொல்றாரு, எல்லாரும் சரின்னுட்டாங்களாம், நீதான் மாட்டேங்கறியாம்!"

"முழுசாக் கேளுடி."

"என்னத்தக் கேக்க? காலையில என் பட்டனை நீ போட்டு விட்டே. தலை வாரி விட்டே. பாத்ரூம்ல என்ன நடக்குதுன்னு இவங்க முன்னாடி சொல்லணுமா? ஆறு மாசம் நானே என் வேலையைப் பாத்துக்கறேன்னா உனக்கு எங்க வலிக்குது? உன் கை நல்லா இருக்கு, நீ நியாயம் பேசுவே. என் கை இது. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அது சுருக்கென்று தைத்தது. கேட்கவில்லைதான். ரகசியத் தாள் என்பது ஒரு காரணம். ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டாலும் கேட்டிருப்பாளா? பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் கையெழுத்துக்கு இடம் காட்டியே பழகிவிட்டவள். இப்போது போடாதே என்று காட்டுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

"கேக்கல. தப்புதான்," என்றாள். "சார், நான் எதையும் வெளிய சொல்லக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். நீங்கதான் இவளைக் கூட்டிட்டு வந்தீங்க. நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் இவ போடுன்னு சொன்னா போட்டுடறேன்."

அவள் அதை மனதாரச் சொன்னாள். தங்கை போடு என்று சொல்லிவிடுவாள் என்றும் அவளுக்குத் தோன்றியது.

பெரிய டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கம்பெனிக்காரர் முந்திக்கொண்டார். தங்கைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். இருபத்துநாலு வாரம் இலவச ஊசி, இலவசப் பரிசோதனை, வந்து போகிற செலவும் கம்பெனியுடையது. முதல் மாதத்திலேயே பெரும்பாலானவர்களுக்கு விரல் மடங்க ஆரம்பித்துவிடும். தங்கையின் கண் விரிந்தது. அவள் பார்வை தன் விரல்கள்மேல் விழுந்தது. அக்காவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப இருபத்தஞ்சாவது வாரம்?" என்று தங்கை கேட்டாள்.

அக்கா சொல்லிக்கொடுத்த கேள்வி இல்லை அது. கேக் செய்கிறவளுக்கு அடுத்த வாரத்து ஆர்டரும் தெரிய வேண்டும்.

கம்பெனிக்காரர் பெரிய டாக்டர் பக்கம் திரும்பினார். "பங்கேற்பாளர்களோட எதிர்பார்ப்பை நாம இப்பவே தூண்டிவிடறது சரியில்லைன்னு..."

"சார், நான் இங்க உட்கார்ந்திருக்கேன். என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"கிடைக்காதும்மா," என்றார் அவர்.

"நிறுத்திட்டா கை திரும்ப இப்படி ஆயிடுமா?"

இதற்குப் பெரிய டாக்டர்தான் பதில் சொன்னார். "ஆகலாம். நிறையப் பேருக்கு ஆகும்."

"ஆகட்டும். ஆறு மாசம் கிடைச்சாலும் எனக்கு லாபம்தான். இதை முதல்லயே எழுதியிருந்தா நான் தெரிஞ்சேதானே போட்டிருப்பேன்," என்றாள் தங்கை. கம்பெனிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். போட்டுவிட வேண்டியதுதான். அவள் கை, அவள் முடிவு.

தங்கை எழுந்திருக்க மேஜையில் முழங்கையை ஊன்றினாள். முழங்கைக்குக் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் திறந்தபடி கிடந்தது. டீ குடிக்கிற அவசரத்தில் அதை மூடி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தினமும் பில் போடுகிறவள். கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் கண் தானாக எண்களில் போய் நிற்கும். நூற்றுநாலு, நூற்றுநாலு, ஐம்பத்திரண்டு.

"இது என்ன வாரக் கணக்கா? முடிஞ்ச பிறகு குடுக்கிறதா? இந்தக் கோடு எந்த நாடு?"

செயலாளர் அம்மா டீ கப்பைக் கீழே வைத்தார். "நம்மதும்மா," என்றார், ரொம்ப மெதுவாக.

தங்கை மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ஊசி கொடுக்க அவர்களிடம் இல்லை என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். இல்லாதவனிடம் என்ன கோபப்படுவது? இருக்கிறது. வேறு கைகளுக்குக் கொடுக்கிறார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூட விரல் மடங்கவில்லை. தோளால் துடைத்துக்கொண்டாள்.

"அங்க இருக்கிறவளுக்கு ரெண்டு வருஷம். எனக்குக் கோடா? என் கை மட்டும் என்ன, ஓசிக் கையா?"

"அம்மா, இது ரகசிய ஆவணம்," என்று கம்பெனிக்காரர் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தங்கை அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள். அந்த ஊசி அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்த அறையில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மாதமாகக் காற்றில் வரைந்த ரோஜாப் பூவெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"போடாதே," என்றாள் தங்கை.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு. எண்ணை எழுதிட்டு வரட்டும், அப்பப் போடு. அதுக்குள்ள யாருக்காவது கோபம் வந்தா என்கிட்ட அனுப்பு."

டீ இடைவேளை முடிந்தது. முடிவெடுக்கும்போது வெளியாள் இருக்கக்கூடாது என்று தங்கையையும் கம்பெனிக்காரரையும் வெளியே அனுப்பினார்கள். அவர் ஃபோனைக் காதில் வைத்தபடி அடுத்த அறைக்குப் போனார். செயலாளர் அம்மா தாளை அக்கா முன்னால் நீட்டினார். அவள் எங்கே எழுத வேண்டும் என்று தெரிவதற்காகக் கோட்டின் ஆரம்பத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. கடைக்கு வந்து வந்து கற்றுக்கொண்டிருக்கிறார். அந்தக் குறிமேல் பேனாவை வைத்த எத்தனை கைகளை அக்கா பார்த்திருக்கிறாள்!

அக்கா எழுதினாள். படித்தேன். புரிந்துகொண்டேன். இருபத்தைந்தாவது வாரத்துக்குப் பதில் வரும்வரை சம்மதம் இல்லை.

பெரிய டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்மா. இன்னொரு தடவை யோசிங்க. இந்த இடம் போயிட்டா திரும்ப வரும்னு நான் உத்தரவாதம் தர முடியாது."

"தெரியும் சார். அந்த இருபது நிமிஷத்தை அவங்களுக்குக் குடுங்க. ஒரு எண்ணை எழுத எவ்வளவு நேரம் ஆயிடும்?"

"அவங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"அப்ப அதையும் எழுதிக்கோங்க. நாம கேட்டோம், அவங்க மாட்டேன்னாங்கன்னு. இதுவரைக்கும் கேக்கவே இல்லைன்னுதானே சார் இருந்தது."

செயலாளர் அம்மா அடுத்த அறைக்குப் போய்க் கேட்டுவிட்டு, முடியாது என்ற பதிலோடு திரும்பினார். ஐந்து மணிக்குக் கோப்பு மூடப்பட்டது. அங்கீகாரம் இல்லை. காரணம் என்ற இடத்தில் பெரிய டாக்டர் நீண்ட நேரம் யோசித்து, அக்கா எழுதிய மூன்று வாக்கியத்தையும் ஓர் எழுத்து மாற்றாமல் தன் கையால் எழுதினார்.

அக்கா வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் பன்னிரண்டு முகமும் நிமிர்ந்தன. உள்ளே நின்றதைவிட இங்கே நிற்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னாள். "இன்னிக்கு ஆகல. நான்தான் கையெழுத்துப் போடல."

லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கோடி நாற்காலியில் இருந்தார். வீங்கின முழங்காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்தார். அவர் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "விடியக்காலையில கிளம்பி ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்! எங்களுக்கு வர்றதைத் தடுக்க நீ யாரும்மா? உன்னை யாரு கேள்வி கேக்கச் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்," என்று தங்கை எழுந்து நின்றாள்.

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்துநாலு வாரம், நூற்றுநாலு வாரம், கோடு, ஒன்று விடவில்லை. கதவோரம் நின்ற செயலாளர் அம்மா பதறிப்போய், "ஐயோ, அது ரகசியம்மா, வெளிய சொல்லக்கூடாது," என்றார்.

"ரகசியம்னு எழுதிக் குடுத்தது எங்க அக்கா. அவ வாயைத் திறக்கல, பாத்துக்கோங்க. நான் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடல. உங்க பெரிய டாக்டர்தான் என்னை உள்ள கூட்டிட்டுப் போயி உட்கார வச்சாரு."

அறைக்குள் பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை சொல்வது அவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பதினோரு பேரும் அவரவர் கையையும் காலையும் பார்த்துக்கொண்டார்கள். "ஆறு மாசமாவது கிடைச்சிருக்குமே," என்று ஒரு பெண் முனகினாள். அவள் சொன்னதும் உண்மைதான். அக்கா அவள் பக்கத்துக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் உட்கார்ந்தாள். அந்தப் பெண் திட்டவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அடுத்த அறைக் கதவு திறந்தது. கம்பெனிக்காரர் பையும் ஃபோனுமாக வேகமாக வந்தார். லிஃப்டுக்குப் போக அந்தத் தாழ்வாரம் ஒன்றுதான் வழி. வழியில் லாரிக்காரரின் கால் குறுக்கே நீண்டிருந்தது. கம்பெனிக்காரர் நின்றார். லாரிக்காரர் காலை எடுக்கவில்லை.

"தம்பி, இருபத்தஞ்சாவது வாரம் எனக்கு என்ன?"

கம்பெனிக்காரர் அறைக்குள் இருந்த பெரிய டாக்டரை எட்டிப் பார்த்தார்.

"அங்க என்ன பாக்கறீங்க? இங்க பாருங்க," என்றார் லாரிக்காரர். "கேக்கறது நான்."